நம்பும்படி இல்லை

ஜில்னாவை எனக்கு எதிரே உட்கார வைத்ததும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

உளவியல் மூன்றாம் ஆண்டில் ஆலோசனைப் பயிற்சி என்று ஒரு கூத்து உண்டு. ஒருத்தர் துயரத்தோடு வந்தவராக நடிக்க வேண்டும். இன்னொருத்தர் அவருக்கு வழி சொல்பவராக நடிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும்.

கடைசி வேலைதான் எங்களுக்கு நன்றாக வரும்.

நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு எல்லோரும் டாக்டர் ஆகியிருந்தோம். கேன்டீன் மூலையில் தூங்கும் பூனைக்கு மனச்சோர்வு என்று அபினந்த் முடிவு சொல்லியிருந்தான். தன்னை விட்டுப் போன பெண்கள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி வியாதிப் பெயர் வைத்திருந்தான். எங்களுக்கு முந்தைய ஜோடியில் அவன்தான் ஆலோசகன். நாற்காலி நுனிக்கு வந்து, பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி, "உங்க வலி எனக்குப் புரியுது" என்றான். ரெஜுலா மிஸ் கைதட்டினார்.

ஜில்னாவுக்கு அந்த நடிப்பும் வராது. நர்ஸிங் கிடைக்காமல் இங்கே வந்து விழுந்தவள். யாராவது பெரிய வார்த்தை ஒன்றை உதிர்த்தால் "அப்படின்னா?" என்று கேட்டு, சொன்னவன் மானத்தையும் சேர்த்து வாங்குவாள். எனக்கென்று வாய்த்த ஆலோசகி.

"ஃபிதா, உனக்குப் பரீட்சை பயம்" என்றார் மிஸ். "ஆரம்பிங்க."

எல்லோருக்கும் பரீட்சை பயம். இல்லாவிட்டால் காதல் தோல்வி. மனிதர்களுக்கு வேறு கஷ்டமே வராது என்று பாடத்திட்டம் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நான் வேறொன்றை, ஒரு அப்பாவின் கதையைச் சொன்னேன்.

"எங்க உப்பா ஷார்ஜாவுல கஃபட்டீரியா வச்சிருந்தாரு. கடையை மூடிட்டு மழைக்காலத்துல ஊருக்கு வந்துட்டாரு. அதுலேருந்து பேச்சே இல்ல. சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. இந்த வாரம் திடீர்னு நல்லாயிட்டாரு. பாட்டெல்லாம் முணுமுணுக்குறாரு. வாட்ச்சைக் கழட்டிப் பக்கத்து வீட்டு மொய்துக்காவுக்குக் குடுத்துட்டாரு. பைக்கைத் தம்பி மகனுக்கு. உம்மாவைக் கூட்டிட்டுப் போயி ஏடிஎம்ல பணம் எடுக்கக் கத்துக் குடுத்தாரு. உம்மா இதுவரைக்கும் பேங்க் வாசல மிதிச்சதில்ல."

"அப்புறம்?" என்றாள் ஜில்னா.

"பழைய சண்டைக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு."

அதற்கப்புறம் அவள் 'அப்புறம்' என்றுகூடக் கேட்கவில்லை. முன்னால் சாயவில்லை, தலையாட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள்.

மிஸ் போதும் என்று கை காட்டினார். அபினந்த் உடனே எழுந்தான்.

"இதுல பிரச்சினையே இல்லையே மிஸ். உப்பா நல்லாயிட்டாரு. கை தாராளமா வேற இருக்கு. எனக்கு ஒரு பைக் குடுத்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இன்னொருத்தி, "கண்ணுல ஒரு சொட்டு வரல. கஷ்டப்படுற ஆள் மாதிரியே இல்ல" என்றாள்.

மிஸ் தீர்ப்பைச் சொன்னார். "கதை நம்பும்படி இல்ல ஃபிதா. அடுத்த தடவை சொன்னதைச் செய். ஜில்னா, நீ வாயே திறக்கல. உனக்கெல்லாம் நான் எதுக்கு மார்க் போடறது?"

"ஸாரி மிஸ்" என்றாள் ஜில்னா. அவள் மிஸ்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்தக் கும்பலுக்கு நாளைக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்வார்கள். ஜனங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இவர்கள் முன்னால் வந்து உட்காருவார்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஜில்னா மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். மார்க் போனதற்கு அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உப்பா இப்ப வீட்டுல தனியாவா இருக்காரு?"

சாக முடிவெடுத்தவர்கள் காட்டும் அந்த அறிகுறிகளையெல்லாம் போன செமஸ்டரில் மனப்பாடம் செய்து எழுதித்தான் அபினந்த் வகுப்பில் முதலாவதாக வந்தான். நானும் எழுதினேன். சொந்த வீட்டில் பார்த்தபோது, இல்லை, அதெல்லாம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் சொன்னால் ஒரு முகமாவது வெளிறுகிறதா என்று பார்த்தேன்.

"சொல்லுடீ. தனியாவா?"

"உம்மாவை இன்னைக்குக் காலையில தலச்சேரிக்கு அனுப்பிட்டாரு. பெரியம்மா வீட்டுக்கு. அவங்க போகலன்னுதான் சொன்னாங்க. இவர்தான் விடல."

"ஃபோனைப் போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜில்னா என்னை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். ஆள் இருந்த ஆட்டோவையே மறித்தாள். உள்ளே இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

மறுபடி போட்டேன். நின்றுபோகும் நேரத்தில் எடுத்தார்.

"என்ன மோளே? கிளாஸ் இல்லையா?"

ஜில்னா ஃபோனைப் பிடுங்கினாள்.

"உப்பா, நான் ஜில்னா. ஃபிதாகூடப் படிக்கிறேன். உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கோம். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, உயிர் போகுது. சோறு இருக்கா?"

ஆட்டோ மேம்பாலம் ஏறி இறங்கியது.

"இல்லையே" என்றார் உப்பா. தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பாத்திரம் ஒன்று நகர்ந்தது.

"இப்ப வச்சிடறேன். எத்தனை பேரு?"