புரையேறாத தொண்டை

தொண்டைக்குள் நாங்கள் பொருத்தும் மின்மூடி, விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். புரையேறவே ஏறாது. அதையே புகாராகச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கத்தினார் ஓய்வுபெற்ற கண்டக்டர் கோமதிநாயகம்.

"மூணு மாசமா ஒருக்கா கூட ஏறல. நிலாவுல வேல பாக்குற எம்மவ அப்பன நினைக்கவே இல்லியா?"

"மூடிக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"அப்ப கழட்டு!"

கழற்றினால் அடுத்த இட்லியிலேயே ஆள் காலி. தொல்லை தாங்காமல், அவரிடம் சொல்லாமலே, ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மூடியில் ஒரு போலி இருமலைப் பதிவுசெய்து அனுப்பினேன்.

திங்களன்று லட்டோடு வந்தார்.

"ஏறுச்சு தம்பி! உடனே போன் போட்டேன். அவளுக்கும் இதே மூடிதானாம். 'எனக்கும்தான் ஏறல, நீங்க நினைச்சீங்களா'ன்னு அழுதுட்டா."

லட்டை என் வாயில் திணித்தார்.

"எனக்கு வச்ச மாதிரியே அவளுக்கும் வச்சு விடு. ஆனா தினமும், மூணு வேளையும்."