ஸ்டாம்ப் இல்லாத மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார் ஞானசீலன். ஆம்பூரில் முப்பது வருடமாகத் தோல் ரகம் பிரிக்கிறவர். கண்ணைவிட விரலைத்தான் அதிகம் நம்புவார்.

"இன்னா தம்பி, இதுல லண்டன் விசாவே காணோம்?"

மக்கன் பேடா தட்டோடு வந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஜெனிஃபா அப்பா இல்லாத பெண். தாய்மாமன் ஞானசீலன் தலையாட்டினால்தான் கல்யாணம். இன்றைக்கு அவர் ஆட்டிவிட்டால், ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்துவிடலாம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

"இது புது பாஸ்போர்ட் அங்கிள். இப்பல்லாம் இதுல எதுவும் ஒட்ட மாட்டாங்க. ஈ-விசா. எல்லாம் ஆன்லைன்லயே இருக்கும்" என்றான் அபினேஷ். அரக்கோணத்துப் பையன், லண்டனில் வேலை, பத்து நாள் லீவு. வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அடக்கம் பெண்ணின் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"எங்க கம்பெனி கேட் பாஸுக்கே மூணு சீல் குத்துறான். லண்டன் போறதுக்கு ஒன்னுகூட வேணாமா?"

அபினேஷின் அம்மா ரோஸுக்குச் சுருக்கென்றது. ரிட்டயர்டு டீச்சர். "என் புள்ள பொய் சொல்றான்றீங்களாண்ணே?"

"சேச்சே. பள்ளிகொண்டாவுல ஒருத்தன் துபாய் மாப்பிள்ளைன்னு பொண்ணு கட்டினான். அப்புறம் பாத்தா திருப்பத்தூர்ல செல்போன் கடையில நிக்கிறான். அதான் கேட்டேன்."

பேச்சு சூடாவதைப் பார்த்து ஜெனிஃபாவே கூடத்துக்கு வந்தாள். வேலூரில் நர்ஸ். போன வருடம் தோழி ஃபீபி லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது இவள்தான். ஃபீபியின் விசாவில் தொற்றிக்கொண்டு, 'டிபென்டன்ட்' என்று கூடவே போன அவள் புருஷனுக்கும் சேர்த்து.

"அவர் சொல்றது கரெக்ட்தான் மாமா. இப்ப விசாவுக்கு ஸ்டாம்ப், ஸ்டிக்கர் எதுவும் கிடையாது."

அபினேஷ் நிமிர்ந்து பார்த்தான். ஜெனிஃபாவுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. உதவி செய்த சந்தோஷத்தில், "அங்க வேலையெல்லாம் எப்டிப் போவுது?" என்று கேட்டாள்.

"நல்லாப் போவுது. எட்டு மாசத்துல மூணு கம்பெனி மாறிட்டேன்."

"பரவால்லியே. ஃபீபிக்கு ஆஸ்பத்திரி மாறணும்னா ஒரே பேஜாராம். வேற எடத்துல விசாவுக்குப் புதுசா ஸ்பான்சர் புடிக்கணுமாம்."

"அது நர்ஸுங்களுக்கு" என்றான் அவன் அவசரமாக. தன் போனில் இருந்த ஈ-விசா படத்தை எடுத்து ஞானசீலனிடம் நீட்டினான். அவன் முகம், பெயர், ஒரு தேதி.

"போட்டோவ எவன் வேணா ஒட்டலாம். என் பேத்தி என்னையே ரஜினி மாதிரி ஒட்டிக் காட்றா" என்றார் ஞானசீலன்.

ஜெனிஃபா சிரித்துவிட்டாள். "அதுக்கு ஷேர் கோடுன்னு ஒன்னு இருக்கு மாமா. அவர் எடுத்துக் குடுத்தா, பொறந்த தேதியப் போட்டு நம்ம போன்லயே பாக்கலாம். அந்த ஊரு கவர்மென்ட்டே காட்டும்."

"இங்க நெட் ஸ்லோவா இருக்கே. நாளைக்கு அனுப்பிட்றேன்" என்றான் அபினேஷ்.

"வைஃபை இருக்கு தம்பி" என்றார் பெண்ணின் அம்மா, வருங்கால மருமகனுக்கு ஒத்தாசை செய்கிற ஆசையில்.

"குடுடா. நமக்கு இன்னா பயம்? அண்ணனே கண்ணால பாக்கட்டும்" என்றார் ரோஸ்.

அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாவது தரம் ஷேர் கோடு எடுத்து, மெல்லிய குரலில் வாசித்தான்.

ஜெனிஃபாவின் போனில் பக்கம் திறந்தது. அதே முகம், அதே பெயர். இன்னும் இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று தேதி.

ஞானசீலன் போனை வாங்கினார். கை சும்மா இருக்குமா? திரையையும் கட்டைவிரலால் மேலே ஒரு தடவு தடவினார். "ஓட்டை இல்ல, கீறல் இல்ல. ஃபர்ஸ்ட் குவாலிட்டி. மன்னிச்சுக்கம்மா" என்று ரோஸிடம் சொல்லி, போனை ஜெனிஃபாவிடம் கொடுத்துவிட்டு, பாஸ்டருக்குச் சொல்ல எழுந்தார்.

பேடா தட்டு மறுபடி நகர்ந்தது. ரோஸ் வெற்றிக் களிப்பில் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மாமா தடவிய தடவில் திரை மேலே நகர்ந்து, அடியில் கிடந்த வரி வெளியே வந்திருந்தது. விசாவின் வகை. ஃபீபி புருஷனுக்குப் போன வருடம் ஜெனிஃபா தன் கையாலேயே டைப் செய்த அதே வார்த்தை, 'டிபென்டன்ட்'.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம், நல்ல வேளை ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அபினேஷ் மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஜெனிஃபா போனை ரோஸ் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆண்ட்டி, உங்க மருமகள ஏன் கூட்டினு வரல?"