கையெழுத்துக்கு மேலே

பழைய தலைவர்கள் கையெழுத்திட்ட தாள்களைச் சேர்க்கும் ஒருவரின் அலமாரியில் இரண்டு வெள்ளிப்பூச்சிகள் இருந்தன. நிலமில்லாதவர்களுக்கு நிலம் தரச்சொன்ன உத்தரவில் பாதியை ஒன்று தின்றுவிட்டது.

“அடிப்பாவி, பார்த்தால் மருந்தடித்து நம் இரண்டு பேரையும் கொன்றுவிடுவார்!” என்றது மற்றது.

“கையெழுத்தை நான் தொடவேயில்லையடி.”

அப்போது அலமாரி திறந்தது. பூச்சிகள் மூலையில் ஒடுங்கின. சேகரிப்பவர் அந்தத் தாளை எடுத்து நண்பரிடம் காட்டினார்.

“ஐயையோ, பாதியைக் காணோமே! என்ன எழுதியிருந்தது?” என்று பதறினார் நண்பர்.

“யார் படித்தார்கள்? கையெழுத்தைப் பாருங்கள் சார், நேற்றுப் போட்ட மாதிரி!”

அவர் கையெழுத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடிக்குள் வைத்து மாட்டினார். மீதி உத்தரவு குப்பைக்கூடையில் விழுந்தது. பயந்துகொண்டிருந்த பூச்சிதான் அதைத் தின்ன அங்கே முதலில் ஓடியது.