பன்னிரண்டு கிலோ

"மறுபடியும் நாப்பத்தி மூணுதான். தராசை முறைச்சுப் பார்த்தா எடை கூடிடுமா, பஞ்சு?"

மெக்கானிக் சிரித்தார். பஞ்சு சிரிக்கவில்லை. ஆறு வாழைப்பழமும் வயிறு முட்டத் தண்ணீரும் உள்ளே போன பிறகுதான் இந்த நாற்பத்து மூன்று.

கேப்டன் அதைப் பதிவேட்டில் எழுதி, பக்க அடையாளமாக வைத்திருந்த நைந்த சிவப்பு நாடாவைச் சரி செய்து மூடினார்.

"முன் சீட்டுல தனியா பறக்க அம்பத்தஞ்சு வேணும். பன்னிரண்டு கிலோ குறையுது."

"ஆறு மாசமா இதே கிளைடர்லதானே மேடம் பறந்தேன்?"

"அப்ப பின்னால நான் இருந்தேன். இது சீசா பலகை மாதிரி. முன்னால எடை கம்மின்னா வால் கீழே போகும், மூக்கு மேலே தூக்கும். மூக்கு தூக்கினா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா இறக்கைக்குத் தாங்குற சக்தி போயிடும். நமக்கு எஞ்சினும் கிடையாது."

"மடியில மணல் மூட்டை?"

"நழுவும். நழுவி ஸ்டிக் மேல சாஞ்சா யாரு ஓட்டுவா, நீயா, மூட்டையா?"

போலீஸ் ஸ்டேஷன் வாசலை ஒரு தடவையாவது மிதித்த பிள்ளைகளுக்கென்று கேப்டன் நடத்தும் ஆறு மாதப் பயிற்சி அது. பதினேழு வயதுப் பஞ்சு நான்காவது அணி. தனியாகப் பறந்தவர்களின் பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு விமானப் பள்ளிக்குப் போகும். அதில் பெயர் இருந்தால் இலவசப் படிப்பு, விடுதி. இல்லையென்றால் பழைய தெரு, பழைய கூட்டாளிகள்.

"இதுக்குன்னே ஈயத் தகடு உண்டுதானே அண்ணா?" பஞ்சு மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இருந்துச்சு. நாலு நாலு கிலோவா மூணு. சீட்டுக்கு அடியில போல்ட் போட்டு இறுக்கிடலாம், அசையாது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எவனோ ராத்திரியோட ராத்திரியா கழட்டிட்டுப் போயிட்டான். புதுசு கேட்டிருக்கோம். அது விமானத் துறை ஆய்வாளர் கையெழுத்துக்காக எங்கேயோ தூங்குது."

"அந்தப் பழசு கிடைச்சா ஆகுமா?"

"ஏன் ஆகாது? முத்திரை நம்பர் பதிவேட்டுல இருக்கு. எடை பார்த்து மாட்ட வேண்டியதுதான். ஆனா அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, நட்டைத் திருகுற மாதிரி காதைத் திருகிடுவேன்!"

"எனக்கும் அந்த ஆளைப் பார்க்கணும்," என்றார் கேப்டன். அவர் சிரிக்கவே இல்லை. குனிந்து, தினமும் செய்வதுபோல, சீட்டுக்கு அடியில் வாலுக்குப் போகும் கேபிளை விரலால் நெடுக வருடிப் பார்த்தார்.

பஞ்சு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே பயிற்சியின் விதிகள் ஒட்டியிருந்தன. மூன்றாவது விதி: திருட்டு என்று தெரிந்தால் பெயர் நீக்கப்படும். முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"மேடம், ஒரு மணி நேரம் சைக்கிள் வேணும்."

"எங்கே?"

"வீட்டுக்கு."

அவள் திரும்பி வந்தபோது மணி மூன்று. வியர்வை சொட்டச் சொட்ட ஒரு சாக்குப்பையைத் தூக்கி வந்து கேப்டனின் காலருகே வைத்தாள். உள்ளே மூன்று ஈயத் தகடுகள்.

மெக்கானிக் எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். நிமிர்ந்தார். காதைத் திருக வேண்டிய கை அப்படியே நின்றது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் பஞ்சு. "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்பர் குத்தியிருக்குன்னு பழைய இரும்புக் கடையில வாங்கல. அம்மாகிட்ட ரோட்டுல கிடந்துச்சுன்னு சொல்லிட்டேன். காத்துல கதவு அடிச்சுக்காம இருக்க அவங்க முட்டுக் கொடுத்து வெச்சிருந்தாங்க." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் பேரை அடிச்சுடுங்க மேடம். ஆனா நீங்க சொல்லிக் கொடுத்ததுக்கு... வேற யாரும் என்கிட்ட இவ்வளவு பொறுமையா எதையும் விளக்கினதில்ல. ரொம்ப நன்றி. அடுத்து வர்ற ஒல்லிப் பொண்ணுக்காவது தகடு இருக்கட்டும்."

கேப்டன் தகடுகளைப் பார்க்கவே இல்லை.

"கழட்டினப்ப சீட்டுக்கு அடியில வேற என்ன பார்த்தே?"

"வேற எதையும் தொடல மேடம், சத்தியமா!"

"தொட்டியான்னு கேக்கல. என்ன பார்த்தே?"

பஞ்சு யோசித்தாள். "ஒரு கம்பி கையில குத்திச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கேபிள் பிரிஞ்சு, நாலஞ்சு இழைதான் மிச்சம் இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்ல முடியாதே... யார் கண்ணுலயாவது படட்டும்னு தலையில இருந்த ரிப்பனை அவுத்து அதுல கட்டிட்டுப் போனேன்."

கேப்டன் பதிவேட்டைத் திறந்து, அந்த நைந்த சிவப்பு நாடாவை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மறுநாள் காலையில அந்தக் கேபிளை நம்பித் தனியா மேலே போக இருந்தவ நான். இந்த ரிப்பனைக் கட்டின ஆளைக் கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்னுதான் இந்தப் பயிற்சியையே ஆரம்பிச்சேன். அந்த மூணாவது விதி பயிற்சியில சேர்ந்த பிறகு செய்யுற திருட்டுக்குத்தான், இதுக்கு இல்ல. ஸ்பேனரைப் பிடி. மூணு தகடு, மூணு போல்ட், மொத்தம் அம்பத்தஞ்சு கிலோ. கழட்டின கையே மாட்டட்டும்."