இமைக்காத நாலாயிரம் பேர்

ஜவுளிக்கடையில் புடவை கட்டி நின்ற பொம்மை, எதிரே ஸ்டாண்டில் இருந்த செல்போனைக் கேட்டது: "இன்னைக்கு லைவ்ல எத்தனை பேர் பாக்குறாங்க?"

"நாலாயிரம். நேத்தைவிட ரெண்டு மடங்கு" என்றது செல்போன்.

பொம்மைக்குப் பக்கத்தில் நின்று கடைக்காரர் தங்கப்பழம் செல்போனைப் பார்த்துச் சிரித்தார். "ஷேர் பண்ணுங்க சொந்தங்களே!" என்று முந்தானையை விரித்துக் காட்டினார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். "அண்ணே, அந்தப் பச்சை என்ன விலை?"

"லைவ் போகுதும்மா, அப்புறம் வா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவள் போய்விட்டாள்.

"நாலாயிரம் பேர்ல ஒருத்தர்கூட விலை கேக்கலையே?" என்றது பொம்மை.

"கேக்க மாட்டாங்க. எழுந்து போகவும் மாட்டாங்க. விளம்பரக் கம்பெனி பிடிச்சுக் குடுத்த ஆளுங்க" என்றது செல்போன்.

"நான் அவங்களைப் பாக்கலாமா?"

செல்போன் காட்டியது. திரை முழுக்க வழவழப்பான முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. யாரும் இமைக்கவில்லை.

"இவங்க எங்க ஆளுங்களாச்சே!" என்றது பொம்மை.

"ஆமா. இன்னைக்கு இன்னொருத்தர் சேருறார்."

"யாரு?"

பொம்மை பக்கத்தில் பார்த்தது. முந்தானையை விரித்த கை இன்னும் இறங்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஈ ஒன்று தங்கப்பழத்தின் திறந்த கண்மேல் உட்கார்ந்தது.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.