புறா காட்டிய இடம்

மரியெத்துக்கு மூச்சிரைப்பு முற்றிக்கொண்டே போனது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரச் சுற்றுச்சாலைப் புகைதான் அவளைக் கொல்கிறது என்று கணவர் ரெனே ஊரெல்லாம் சொல்லி மாய்ந்தார். யாரும் நம்பவில்லை. கடைசியில், ஓர் ஆய்வுக்கூடத்தார் தந்த, காற்றின் மாசை அளக்கும் சிறு கருவியைத் தன் பந்தயப் புறாவின் முதுகில் கட்டிப் பறக்கவிட்டார்.

புறா திரும்பியதும், ஆய்வுக்கூடப் பெண் அடுக்களை மேசையில் கணினியைத் திறந்து, புறா பறந்த வழியின் மாசு வரைபடத்தைக் காட்டினாள்.

"ரோட்டுக்கு மேல வெறும் மஞ்சள்தான் சார். ஒரே ஒரு இடம்தான் ரத்தச் சிவப்பு."

"எந்த இடம்? சொல்லும்மா! அவனுங்களைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!"

"புறா வந்து உக்காந்த இடம் சார். உங்க புறாக் கொட்டகை. இறகுத் தூசு, எச்சத் தூசு... நுரையீரலையே தின்னுடும்."

கொல்லையிலிருந்து விளக்குமாற்றுச் சத்தமும் இருமலும் கேட்டன. பிறகு மரியெத்தின் குரல்.

"ரெனே, நீ சொன்ன மாதிரியே கொட்டகை ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திட்டுத்தான் கூட்டுறேன். ரோட்டுப் புகை உள்ள வரவே வராது!"