சனிக்கிழமை மாத்திரை

"ரெண்டு வருசமா சனிக்கிழமை தவறாம நானே எடுத்துக் குடுக்கறேன் கண்ணு. ஒரு பேரனைப் பாத்துப்போட்டாப் போதும்" என்றாள் நாச்சம்மாள்.

"சரிங்க அத்தை." பூங்கொடி தம்ளரை இரு கைகளாலும் பிடித்து மாத்திரையை விழுங்கினாள்.

"மாசாணியம்மனுக்கும் வேண்டியிருக்கறேன். கோயமுத்தூர் டாக்டர் என்ன சொல்றாரு தனபாலு?"

"தொடர்ந்து சாப்பிடச் சொல்றாருங்கம்மா."

நாச்சம்மாள் நகர்ந்ததும் பூங்கொடி கணவனிடம் கேட்டாள். "இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தப் பொய்?"

"முடக்குவாதம்னு தெரிஞ்சா உன்னைப் பொறந்த ஊட்டுக்கே அனுப்பிப்போடுவாங்க அம்மணி."

தனபால் அவளுடைய மடங்காத விரல்களை மெல்ல நீவிவிட்டான்.

அந்தக் கோயமுத்தூர் மூட்டு டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இந்த மாத்திரையைச் சாப்பிடுகிற வரைக்கும் கருத்தரிக்கவே கூடாது.